சுசுகி ஆர்இ5: பிஸ்டனே இல்லாத பழைய பைக்கை மறுபடி ஓட வைப்பது எப்படி?

1974இல் சுசுகி வெளியிட்ட ஆர்இ5 பைக்கின் எஞ்சினைப் பிரித்தால், உள்ளே பிஸ்டனைத் தேடி ஏமாந்துபோவீர்கள். வால்வு, கேம் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு எதுவும் கிடையாது. பக்கங்கள் லேசாக உப்பிய முக்கோண உலோகக் கட்டி (ரோட்டர்) ஒன்று, அது சுற்றிவர ஓர் அறை, நடுவில் ஒரு ஷாஃப்ட். உள்ளுறுப்பு அவ்வளவுதான். "இவ்வளவுதானா, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பிரித்து மாட்டிவிடலாமே" என்று தோன்றும்.

பைக்கை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். தண்ணீருக்கு ஒரு பெரிய ரேடியேட்டர், அதற்குக் கீழே எண்ணெயைக் குளிர்விக்க இன்னொன்று, மூன்று வெவ்வேறு இடங்களில் எண்ணெய், காருக்குரிய பாணியில் ஒரு கார்புரேட்டர், பிளக்கில் பொறி தட்டவைக்கும் பாயிண்ட் இரண்டு செட், இரட்டைச் சுவர் கொண்ட சைலன்ஸர். எஞ்சின் எளியது, அதைச் சுற்றியுள்ள பரிவாரம்தான் பெரியது.

இந்தப் பரிவாரம் முழுவதும் பெரும்பாலும் ஒரே விஷயத்துக்காகத்தான் இருக்கிறது. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் செருகப்பட்டிருக்கும் மெல்லிய உலோகப் பட்டைகள், அதாவது ஏபெக்ஸ் சீல்கள். அவை சூடேறாமல், காய்ந்துபோகாமல், அதிராமல், தேயாமல் இருக்க வேண்டும். பழைய ரோட்டரி பைக்கைப் புதுப்பிக்க இறங்குபவர் இந்த சீலைப் புரிந்துகொண்டால் போதும். எதை முதலில் பார்ப்பது, எதைத் தள்ளிப்போடுவது, எதற்குப் பணம் எடுத்துவைப்பது என்பதெல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

ரோட்டர் சுற்றுவது எப்படி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரோட்டரி எஞ்சின் பைக் என்று தேடினால் ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1920களில் தயாரான மெகோலா என்ற வண்டியும் கண்ணில் படும். அது வேறு ரகம். ஐந்து சிலிண்டர்களும் முன்சக்கரத்துக்குள்ளேயே சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் விசித்திர வண்டி அது. அதில் பிஸ்டன்கள் உண்டு. நாம் பேசப்போவது ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கெலின் பெயரால் அறியப்படும் எஞ்சினைப் பற்றி. ஜெர்மனியின் என்எஸ்யு என்ற வாகன நிறுவனத்தில் 1957இல் அவருடைய முதல் எஞ்சின் ஓடியது. அதில் ரோட்டரோடு அறையும் சேர்ந்து சுழன்றது. அங்கே பணியாற்றிய ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே என்ற பொறியாளர் அறையை அசையாமல் நிறுத்தி, ரோட்டரை மட்டும் சுழலவிட்டார். இன்று நாம் வாங்கெல் என்று சொல்லும் எஞ்சின்கள் எல்லாம் இந்த இரண்டாவது வடிவத்தின் வாரிசுகள்தான்.

அறை, அதாவது ஹவுசிங், நடுவில் லேசாக இடுங்கிய நீள்வட்டமாக இருக்கும். முக்கோண ரோட்டர் அதற்குள் சுற்றும்போது அதன் மூன்று முனைகளும் சுவரை விட்டு விலகுவதே இல்லை. ஆகவே எந்த நேரத்திலும் சுவருக்கும் ரோட்டரின் மூன்று முகங்களுக்கும் இடையே மூன்று தனித்தனி இடைவெளிகள் இருக்கும். ரோட்டர் நகர நகர ஒவ்வோர் இடைவெளியும் விரியும், சுருங்கும். விரியும்போது பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சும். சுருங்கும்போது அழுத்தும். அழுத்திய இடத்தில் பிளக் பொறி தெறிக்க, வெடித்து விரிந்து ரோட்டரைத் தள்ளும். மறுபடி சுருங்கிப் புகையை வெளியேற்றும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் நடக்கும் அதே நான்கு வேலைகள்தான். ஆனால் ஒரே இடத்தில் மாறி மாறி நடக்காமல், அறையின் நான்கு பகுதிகளில் வரிசையாக நடக்கின்றன. வாயைத் திறந்து மூட வால்வு தேவையில்லை. ரோட்டரின் முனை ஓட்டையைக் கடந்து போவதே திறப்பதும் மூடுவதும்.

ரோட்டரின் நடுவில் உட்பல் கொண்ட கியர் இருக்கும். அது பக்கத் தகட்டில் பொருத்திய அசையாத சிறு கியரைக் கவ்விச் சுழலும். பற்களின் விகிதம் 3:2. ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் நடுவிலுள்ள எக்சென்ட்ரிக் ஷாஃப்ட், அதாவது மையம் விலகிய ஷாஃப்ட், மூன்று சுற்று சுற்றிவிடும். ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்குத்தான் ஒன்று கிடைக்கும். 497 சிசி என்று காகிதத்தில் எழுதப்பட்ட ஆர்இ5, நிமிடத்துக்கு 6,500 சுற்றில் 62 குதிரைத்திறன் தந்ததற்குக் காரணம் இதுதான். மேலும் கீழும் போய்வரும் எடை எதுவும் இல்லாததால் அதிர்வும் மிகக் குறைவு. ரோட்டரி பைக்குகளின் ரசிகர்கள் அந்த வழுவழுப்பைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள்.

எல்லாத் தலைவலியும் சீலில்தான்

பிஸ்டன் ரிங்கின் வேலை ஒப்பிட்டுப் பார்த்தால் சுகமானது. வட்டமான சிலிண்டரில் நேராக மேலே போய்க் கீழே வரும். எண்ணெய் எப்போதும் கீழிருந்து தெறித்துக்கொண்டிருக்கும். ஏபெக்ஸ் சீலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சுவரின் வளைவு இடத்துக்கு இடம் மாறுவதால், அது சுவரைத் தொடும் கோணமும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கணம் முன்பக்கம் சாய்ந்து உரசும், அடுத்த கணம் பின்பக்கம். சீலின் அடியிலுள்ள சிறு வில்லும் வாயு அழுத்தமும்தான் அதைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கின்றன. அதிர்வு பொருந்திவராத வேகத்தில் சீல் துள்ளித் துள்ளிப் போய்ச் சுவரில் வரிவரியாகக் கீறல் போடும். மாஸ்டா நிறுவனத்தின் பொறியாளர்கள் 1960களில் இதோடு மல்லாடியபோது அந்தக் கீறல்களைப் பேயின் நகக்குறி என்றே அழைத்தார்கள்.

வெப்பம் அடுத்த சிக்கல். சாதாரண எஞ்சினில் வெடித்த அதே இடத்துக்கு அடுத்து குளிர்ந்த காற்று வந்து கொஞ்சம் ஆற்றிவிடும். வாங்கெலில் வெடிப்பு எப்போதும் ஒரே பக்கம், குளிர்ந்த காற்று எப்போதும் எதிர்ப்பக்கம். ஹவுசிங்கின் ஒரு பாதி கொதிக்க, மறுபாதி சில்லென்று இருக்கும். உலோகம் சீராக விரியாது. சுவர் கோணிப்போனால் முதலில் அடிவாங்குவது சீல்தான். எரியும் அறை நீண்டு மெலிந்திருப்பதால் தீ முழுதாகப் பரவி முடிவதற்குள் புகைபோக்கும் வாயில் திறந்துவிடும். மிச்சம் சைலன்ஸரில் எரியும். வெளியேறும் புகை சாதாரண பைக்கைவிட மிகச் சூடாக இருப்பதற்கு இது ஒரு காரணம், பெட்ரோல் அதிகம் குடிப்பதற்கும் அதுவே காரணம்.

இந்த சீல் ஒரு நிறுவனத்தையே சாய்த்திருக்கிறது. என்எஸ்யு 1967இல் வெளியிட்ட ரோ 80 என்ற கார் பரிசெல்லாம் வாங்கியது. ஆனால் தொடக்க ஆண்டுகளின் வண்டிகளில் சீல்கள் சீக்கிரம் தேய்ந்து, வாரண்டியில் எஞ்சின் மாற்றித் தந்தே கம்பெனி நொடித்தது. 1969இல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஆடி கார் நிறுவனத்தோடு அது இணைய நேர்ந்தது.

இதைப் பார்த்தும் சுசுகி பயப்படவில்லை. 1970இல் என்எஸ்யுவிடம் உரிமம் வாங்கியது. ஹவுசிங் சுவருக்கு நிக்கலோடு சிலிக்கான் கார்பைடு துகள்கள் கலந்த கடினமான பூச்சைத் தானே உருவாக்கியது. எண்ணெயை ரோட்டருக்குள்ளேயே ஓடவிட்டுக் குளிர்வித்தது. தண்ணீரை ஹவுசிங்கைச் சுற்றி ஓடவிட்டது. மீட்டரையும் பின்விளக்கையும் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியார்ஜெட்டோ ஜுஜாரோ உருளை வடிவில் வரைந்துகொடுத்தார். அறிமுக விளம்பரத்துக்கு அப்போலோ 14இல் நிலவுக்குப் போய்வந்த எட்கர் மிட்செல் வந்தார். எல்லாம் சரி, நேரம்தான் சரியில்லை. 1973இன் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறிக்கிடந்த சமயத்தில், பெட்ரோல் குடிக்கும், கனமான, விலை கூடிய, பக்கத்துத் தெரு மெக்கானிக் முன்பின் பார்த்திராத ஒரு பைக்கை யார் வாங்குவார்கள்? 1976இல் உற்பத்தி நின்றது. மொத்தம் ஆறாயிரம் சொச்சம் வண்டிகள்தான் உருவாயின. ஓசூரில் 1984இல் இண்ட்-சுசுகி வந்து அந்தப் பெயர் நம் வீட்டுப் பெயர் ஆவதற்கு வெகுமுன்பே இந்தக் கதை முடிந்துவிட்டது.

குறைவாக விற்றது இன்று வாங்குபவருக்கு ஒருவகையில் நல்லது. பயந்துபோய் ஓரமாக நிறுத்திவைக்கப்பட்ட ஆர்இ5கள் அதிகம், ஓடி ஓடித் தேய்ந்தவை குறைவு. கெட்டதும் அதுதான். ஓடித் தேய்ந்ததைவிட நின்று கெட்டதைச் சரிசெய்வது இந்த எஞ்சினில் கடினம்.

வாங்கும் முன்பும், வாங்கியவுடனும்

கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தவுடன் கிக்கரில் கால் வைக்காதீர்கள். முழுக் கட்டுரையிலும் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும். ரோட்டர் எந்த நிலையில் நின்றிருந்தாலும் ஏதோ ஒரு முகம் புகைபோக்கும் வாயிலுக்குத் திறந்தே இருக்கும். சைலன்ஸர் வழியாக வரும் ஈரக்காற்று ஆண்டுக்கணக்கில் உள்ளே போய் வந்திருக்கும். சீல் தன் பள்ளத்துக்குள்ளேயே துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கலாம். சுவரோடும் ஒட்டியிருக்கலாம். அந்த நிலையில் உதைத்தால் சீலின் மூலை உடையும். உடைந்த துண்டு சுவர்ப் பூச்சைச் சீவிக்கொண்டு போகும். சில நூறு ரூபாய் எண்ணெயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, கிடைக்காத ஒரு ஹவுசிங்கைத் தேடும் வேலையாக மாறும்.

பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகவும் வாயில்கள் வழியாகவும் ஊடுருவும் எண்ணெயை விட்டு, சில நாள் ஊறவிடுங்கள். பிறகு ஷாஃப்டின் முனையில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்லத் திருப்புங்கள். எங்காவது இறுக்கம் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, இன்னும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். பொறுமை இல்லாதவருக்கு இந்த பைக் சரிவராது, முன்பே சொல்லிவிடுகிறேன்.

தாராளமாகச் சுற்றினால் அடுத்தது கம்ப்ரஷன், அதாவது அறைக்குள் எவ்வளவு அழுத்தம் உண்டாகிறது என்று பார்ப்பது. இங்கேதான் பிஸ்டன் எஞ்சின் பழக்கம் ஏமாற்றும். சாதாரண கேஜ், அதாவது அழுத்தமானி, அதிகபட்ச அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் காட்டும். ரோட்டரியில் ஒரே பிளக் ஓட்டையை மூன்று முகங்களும் மாறி மாறிக் கடக்கின்றன. இரண்டு முகங்கள் செத்துப்போய் ஒன்று நன்றாக இருந்தாலும் கேஜ் நல்ல கணக்கைக் காட்டிவிடும். ஆகவே காற்றை விடுவிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முள் எப்படித் துள்ளுகிறது என்று பாருங்கள். மூன்று துள்ளலும் ஒரே உயரமாக இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால் அந்த முகத்தின் பக்கவாட்டு சீலோ மூலை சீலோ சரியில்லை. அடுத்தடுத்த இரண்டு குட்டையாக இருந்தால், அவ்விரு முகங்களும் பகிர்ந்துகொள்ளும் ஏபெக்ஸ் சீல்மேல் சந்தேகம் வையுங்கள். இன்னொன்று, ஆர்இ5இன் பிளக் 18 மி.மீ. மரை கொண்டது. வழக்கமான பைக் கேஜின் முனை அதற்குள் லொடலொடவென்று ஆடும். அதற்கான அடாப்டரை முதலிலேயே வாங்கிவையுங்கள். பிளக்கும் பொதுவாகக் கடையில் தொங்கும் சரக்கல்ல. ஏ9இஎஃப்வி என்ற எண்ணுடைய என்ஜிகே பிளக்கைத் தேடிப்பிடிக்க வேண்டும், விலையும் கடிக்கும்.

கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், எப்படி இருக்கிறது என்று பார்ப்பதும் கம்ப்ரஷன் அளவுக்கு முக்கியம். அலுமினிய எஞ்சினில் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருந்தால் உள்ளே அரித்திருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள். பழுப்புச் சேறு வந்தால் எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும், பேரம் பேசும்போது அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சைலன்ஸர்களையும் தட்டிப் பாருங்கள். சூட்டைத் தணிக்க அவற்றுக்கு இரட்டைச் சுவர் வைத்து, முன்பக்கம் காற்று நுழையத் துளைகளும் விட்டிருந்தார்கள். அந்த இரண்டு சுவர்களுக்கு நடுவில் துரு ஏறினால் வெளியே தெரியாது, உள்ளே கரைந்துகொண்டிருக்கும். எஞ்சின் பாகத்தைவிட நல்ல சைலன்ஸர் கிடைப்பதுதான் கஷ்டம் என்றுகூடத் தோன்றும்.

எஞ்சினைப் பிரித்தால்

ரோட்டரி எஞ்சின் அடுக்கு டிபன் கேரியர் மாதிரி: பக்கத் தகடு, நடுவில் ரோட்டர் இருக்கும் ஹவுசிங், மறுபடி பக்கத் தகடு, எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும் நீளமான போல்ட்கள். போல்ட்களை ஒவ்வொன்றாக முழுதும் கழற்றாமல், சர்வீஸ் புத்தகம் சொல்லும் வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் தகடு கோணும்.

மேல் தகட்டைத் தூக்கும்போது சீல்கள் அதோடு ஒட்டிக்கொண்டு வந்து கீழே விழும் வாய்ப்பு உண்டு. ஏபெக்ஸ் சீல், மூலையிலுள்ள பொத்தான் சீல், பக்கவாட்டில் வில்லாக வளைந்த சீல், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு குட்டி ஸ்பிரிங் என்று மொத்தம் ஒரு கைப்பிடி பாகங்கள். பழையவற்றையே திரும்பப் போடுவதாக இருந்தால் ஒவ்வொன்றும் அதே பள்ளத்துக்கு, அதே திசையில்தான் போக வேண்டும். அவை ஒன்றுக்கொன்று தேய்ந்து பழகியவை. ஓர் அட்டையில் முக்கோணம் வரைந்து, எடுக்க எடுக்க அதன்மேல் குத்திவைப்பது நல்ல பழக்கம்.

பள்ளங்களில் கரி அடைந்திருக்கும். இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாதீர்கள். பள்ளத்தின் ஓரம் வட்டமாகிவிட்டால் புது சீல் போட்டும் பலனில்லை. கரைப்பானில் ஊறவைத்து, மரக்குச்சியாலோ பித்தளைத் தகட்டாலோ எடுங்கள். பின் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளை வைத்து இடைவெளிகளை அளந்து சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள்.

இனி ஹவுசிங் சுவர். விளக்கு வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், குறிப்பாகப் பிளக் ஓட்டையைச் சுற்றியும் புகை வாயிலின் ஓரத்திலும். பூச்சு உரிவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். இதில் ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. நம் ஊர் லேத் பட்டறையில் சிலிண்டர் தேய்ந்தால் ரீபோர் போட்டு, அதாவது உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டி அனுப்பிவிடுவார்கள். இங்கே ரீபோர் என்ற பேச்சே கிடையாது. சுவர் வட்டமல்ல, ஓவர்சைஸ் ரோட்டரும் இல்லை. பூச்சை முழுக்க நீக்கிப் புதிதாக ஏற்றி, அதே வளைவில் தேய்த்துக் கொண்டுவரக்கூடிய இயந்திரம் வைத்திருப்பவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர்தான். மெல்லிய கீறல்களோடு ஓடிவிடலாம். நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு உரிந்திருந்தால், நல்ல ஹவுசிங் உள்ள இன்னொரு உடைந்த எஞ்சினை வாங்கி இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குவதே பெரும்பாலும் மலிவு.

தகடுகளுக்கு இடையே தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் ஓ-ரிங்குகளைக் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். ஐம்பது வயது ரப்பர் அது. அவை பதியும் பள்ளத்தின் ஓரம் அரித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த மெல்லிய ஓரம் போய்விட்டால் கூலண்ட் அறைக்குள் கசியும். ஸ்டார்ட் செய்தவுடன் அடர்ந்த வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி இரண்டும் வந்தால் சந்தேகமே வேண்டாம். திரும்ப மாட்டும்போது, போல்ட்டை அளவோடு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

பரிவாரத்துக்குத்தான் அதிக நேரம்

பலர் எஞ்சினைக் கட்டி முடித்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஆர்இ5ஐப் பொறுத்தவரை அங்கேதான் வேலை தொடங்குகிறது. கட்டிய எஞ்சினைக் கெடுப்பதும் காப்பதும் வெளியே இருக்கும் விஷயங்கள்தான்.

எண்ணெய் மூன்று இடங்களில் இருக்கிறது. அடியிலுள்ள எண்ணெய் பேரிங்குகளை நனைத்து, ரோட்டருக்குள் ஓடி அதைக் குளிர்வித்து, முன்பக்க எண்ணெய் ரேடியேட்டர் வழியாகத் திரும்பி வருகிறது. கியர்பாக்ஸுக்குத் தனி எண்ணெய். மூன்றாவது ஒரு சிறு டேங்க். அதிலிருந்து பம்ப் ஒன்று கார்புரேட்டருக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் அனுப்பும். அது பெட்ரோலோடு உள்ளே போய், சீலுக்கும் சுவருக்கும் இடையே படலமாகி, எரிந்து வெளியேறும். திரும்பி வராது. ஆகவே லேசான நீலப் புகையும், டேங்கில் குறையும் எண்ணெயும் இந்த பைக்கின் குறைகளல்ல. சீல் உயிரோடு இருப்பதற்கான சாட்சிகள். இந்த மூன்றாவது டேங்க் வறண்டால் சீல் வறண்டது என்று அர்த்தம். பைக் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதுதான் ஆபத்து. புதுப்பிக்கும்போது அந்தக் குழாய்களையெல்லாம் மாற்றி, பம்பிலுள்ள காற்றை வெளியேற்றி, ஆக்சிலரேட்டர் திருகும்போது பம்ப் நெம்புகோல் சரியான குறிக்கு வருகிறதா என்று பாருங்கள். முதல் டேங்க் பெட்ரோலில் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்து ஓட்டுவது பழைய கைகள் செய்யும் காப்பீடு. பம்ப் எங்காவது ஏமாற்றினாலும் சீல் தப்பிக்கும்.

கார்புரேட்டர் மிகுனி 18-32 எச்எச்டி. இரண்டு தொண்டைகள் கொண்டது. சிறியது மெதுவாக ஓடும்போது, பெரியது திருகும்போது. இதோடு எஞ்சின் வாயிலில் ஒரு தனி வால்வும் உண்டு. குறைந்த வேகத்தில் அது பெரிய வழியை மூடிவைக்கும். அதனால் காற்று சிறிய வழியில் வேகமாகப் போகும். எண்ணெய் பம்பையும் சேர்த்தால், ஒரே ஆக்சிலரேட்டர் பிடியிலிருந்து கிளம்பும் கேபிள்கள் ஒரு கொத்து ஆகிவிடும். எல்லாம் ஒன்றோடொன்று இணங்கித் திறக்க வேண்டும். பெரும்பாலான "பிக்அப் இல்லை, இழுக்கிறது, திக்குகிறது" புகார்களுக்குக் காரணம் பெட்ரோலை அளந்துவிடும் கார்புரேட்டர் ஜெட் அல்ல, ஒத்துப்போகாத கேபிள்கள்தான். ஜெட்டைத் தோண்டுவதற்கு முன்பு கேபிளைச் சரிசெய்யுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரைக் கரைக்கும் என்பதால் டயஃபிரம், குழாய், சீல் அனைத்தும் புதியதாகவே இருக்கட்டும்.

இரண்டு செட் பாயிண்ட் எதற்கு என்பது இந்த பைக்கின் மிக அழகான புதிர். ஆக்சிலரேட்டரை மூடி, கியரிலேயே வேகம் குறையும்போது, அறைக்குள் பழைய புகை கொஞ்சம் தங்கிவிடும். புதுக் கலவை அதோடு கலந்து ஒழுங்காக எரியாது. ஒருமுறை எரியும், ஒருமுறை எரியாது. வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். சுசுகி என்ன செய்தது என்றால், அந்த நேரத்தில் மட்டும் ஒன்றுவிட்டு ஒரு முறை பொறி தட்டும்படி அமைத்தது. தவறவிட்ட முறையில் அறை சுத்தமாகிவிடும், அடுத்த முறை நன்றாக எரியும். ரோட்டருக்கு மூன்று முகங்கள் என்பது இங்கே கைகொடுக்கிறது. ஒன்றுவிட்டு ஒன்று என்று எண்ணினால் முதல் முகம், மூன்றாவது, இரண்டாவது, மறுபடி முதல் என்று எல்லா முகத்துக்கும் முறை வந்துவிடும். எந்த முகமும் நிரந்தரமாகப் பட்டினி கிடக்காது. எப்போது மாற வேண்டும் என்று சொல்வது எஞ்சின் வேகத்தையும் வெற்றிட அழுத்தத்தையும் உணரும் சுவிட்சுகள். ஓட்டும்போது சரியாக இருந்து, வேகத்தைக் குறைக்கும்போது மட்டும் வண்டி உதறினால், முதலில் அந்த வெற்றிடக் குழாயில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர்ப் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரேடியேட்டரைக் கழுவி, தெர்மோஸ்டாட்டைக் கொதிநீரில் போட்டுத் திறக்கிறதா என்று சோதித்து, பம்ப் சீலை மாற்றி, மின்விசிறி தானாக ஓடுகிறதா என்று பார்த்து, அலுமினியத்துக்கு ஏற்ற கூலண்ட் ஊற்றுங்கள். விசிறி வேலைசெய்யாத ஆர்இ5ஐச் சிக்னல் நெரிசலில் நிறுத்தி வைப்பது ஹவுசிங்கைத் தெரிந்தே கோணவைப்பது.

மற்றவை சாதாரண பைக் வேலை. 1975ஆம் ஆண்டின் எம் மாடல் வாங்கினால் அந்த உருளை மீட்டரும் அதன்மேல் திறந்து மூடும் மூடியும் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். உடைந்தால் மாற்றுப் பாகம் சுலபத்தில் கிடைக்காது. 1976இன் ஏ மாடலில் சுசுகியே மனம் மாறி ஜிடி750 பைக்கின் மீட்டர், பின்விளக்கு, இண்டிகேட்டர்களைப் போட்டது. அழகில் ஒரு படி குறைவு, புதுப்பிக்க இரண்டு படி சுலபம்.

இதுவே முதல் ரோட்டரி என்றால்

ஆர்இ5தான் ஒரே வழி என்றில்லை. ஜெர்மனியின் ஹெர்குலஸ் டபிள்யூ-2000 அதே 1974இல் வந்தது. பனிவண்டிக்காக ஃபிக்டெல் அண்ட் சாக்ஸ் செய்த 294 சிசி காற்றுக்குளிர்வு எஞ்சின் அதில் இருந்தது. உள்ளே வரும் பெட்ரோல் கலவையே ரோட்டருக்குள் புகுந்து அதைக் குளிர்வித்துவிட்டுத்தான் எரியப் போகும். ஆரம்ப வண்டிகளில் எண்ணெயையும் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றினார்கள். ரேடியேட்டர் இல்லை, மூன்று எண்ணெய் இல்லை. சூடான ரோட்டரைத் தொட்டு வரும் கலவை விரிந்துவிடுவதால் சக்தி குறைவுதான். ஆனால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளி கிடையாது என்பது என் கட்சி. பிரிட்டனின் நார்டன் 1987இல் 588 சிசி இரட்டை ரோட்டர் கொண்ட கிளாசிக்கை நூறு வண்டிகள் மட்டும் செய்தது. அந்தப் பரம்பரையின் பந்தய பைக்கில் ஸ்டீவ் ஹிஸ்லாப் 1992இல் ஐல் ஆஃப் மேன் தீவின் சீனியர் டிடி பந்தயத்தை வென்றார். நார்டனுக்கு விலையும் பெரிது, தவறு செய்தால் வலியும் பெரிது. கற்றுக்குட்டிக்கு வேண்டாம்.

முதல் ஸ்டார்ட்

பொறியை நிறுத்திவைத்து, பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டர் மோட்டாரால் கொஞ்ச நேரம் சுற்றவிட்டு எண்ணெய் அழுத்தம் வருகிறதா என்று பாருங்கள். பிளக் ஓட்டை வழியாக சில துளி எண்ணெய் விட்டு, ரோட்டரைக் கையால் சில சுற்று திருப்பினால் சீல்கள் நனைந்து கம்ப்ரஷன் கூடும். சோக் போட்டு முயலும்போது பெட்ரோல் பொங்கிவிட்டால், தொடர்ந்து முயல்வதில் அர்த்தமில்லை. பெட்ரோல் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், கழுவினால் கம்ப்ரஷன் இருக்காது, கம்ப்ரஷன் இல்லாமல் பற்றாது. பிளக்கைக் கழற்றிக் காயவைத்து, மறுபடி சில துளி எண்ணெய் விட்டுத் தொடங்குங்கள்.

பற்றியதும் கொட்டகை நிறையப் புகை வரும். ஊறவிட்ட எண்ணெய் எல்லாம் எரிய வேண்டுமே. சைலன்ஸரைத் தொட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், அதன் அருகில் வயர், துணி, பெட்ரோல் குழாய் எதுவும் தொங்காமலும் பாருங்கள். வெப்பமுள் நடுவுக்கு வந்து விசிறி ஒருமுறை ஓடி நின்றதும் எஞ்சினை அணைத்து, முழுக்க ஆறவிட்டு, கூலண்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் அது காற்றுக்குமிழி வெளியேறியதாலும் இருக்கலாம். நிரப்பிவிட்டு இன்னொரு முறை சூடாக்கி ஆறவிட்ட பிறகும் குறைந்தால்தான் ஓ-ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அளவு நின்றுவிட்டால் வெளியே கொண்டுபோகலாம். முதல் சில பயணங்களில் ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் அந்த மூன்றாவது எண்ணெய் டேங்கில் அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையாமல் அப்படியே இருந்தால், அடுத்த பயணத்துக்கு முன் பம்பைக் கழற்றிப் பாருங்கள்.